எனக்கு நானே எழுதிய பரிந்துரைக் கடிதம்

என்னைப் பற்றி யாராவது 'தங்கமான பொண்ணு' என்று சொன்னால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், அதுதான் இன்னும் எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்டலாம். பாராட்டுகிறவர்களை என்ன செய்வது? பல்லைக் காட்டிவிட்டு வரவேண்டியதுதான். அப்படிப் பல்லைக் காட்டிக் காட்டியே எனக்கு வந்த ஒரே வாய்ப்பைக் கோட்டை விட்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அழகாக எழுதும் எண்ணமெல்லாம் கிடையாது, வயிற்றெரிச்சல் அடங்கினால் போதும்.

நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும் உண்டு. நிரந்தரமாக இருப்பவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிடும் வகுப்புகள், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்புகள், பிள்ளைகள் மேசையில் தலைவைத்துத் தூங்கும் வகுப்புகள் எல்லாம் எனக்குத்தான் வரும். பன்னாட்டு உறவுகளும் பொதுக் கொள்கையும் நடத்துகிறேன். குரும்பலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கி, வல்லரசுகளின் வீட்டோ அதிகாரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசிவிட்டு, அதே பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பிப் போவேன். இதற்கு நடுவில் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு. அதற்கு வழிகாட்டி எங்கள் துறைத் தலைவர். அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் சார் என்றே எழுதுகிறேன். அவரிடம் ஆறு வருடமாக ஆய்வு மாணவி.

சார் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்கள் ஒரு வில்லனை எதிர்பார்ப்பார்கள். அவர் கைநீட்டி எதுவும் கேட்டதில்லை. தவறாக ஒரு பார்வை பார்த்ததில்லை. வீட்டுக்குக் காய்கறி வாங்கி வா என்று அனுப்பியதில்லை, வேறு சில வழிகாட்டிகளிடம் அதெல்லாம் சர்வ சாதாரணம். எனக்குக் குழந்தை பிறந்தபோது ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர். இப்படிப்பட்ட ஒருவர் மேல் கோபப்படுவதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது தெரியுமா?

எங்கள் பக்கத்துக் கருத்தரங்குகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 'பன்னாட்டுக் கருத்தரங்கு' என்று வாசலில் பேனர் கட்டுவார்கள். பன்னாடு எங்கே என்று தேடினால், மலேசியாவிலிருந்து ஒரு பேராசிரியர் திரையில் தோன்றி, 'கேக்குதா, நான் பேசுறது கேக்குதா' என்று ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, வாழ்த்துச் சொல்லி மறைந்துவிடுவார். மேடையில் குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை என்று மதியம் ஒரு மணி ஆகிவிடும். கட்டுரை வாசிக்க வந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம். கேட்பதற்கு யார் இருப்பார்கள்? அடுத்து வாசிக்கப் போகிறவர் இருப்பார், அவரும் தன் தாளைத்தான் புரட்டிக்கொண்டிருப்பார். சான்றிதழ் கொடுக்கும் மேசைக்கு முன்னால் மட்டும் கூட்டம் முண்டியடிக்கும். அந்தச் சான்றிதழ்கள் ஒரு கட்டு என் பீரோவில் கிடக்கின்றன. இத்தனை கருத்தரங்குகளில் என் கட்டுரையைப் பற்றி ஒரு ஜீவன் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரே ஒரு முறை ஒருவர் கையைத் தூக்கினார். நான் தாளை நேராகப் பிடித்துக்கொண்டு தயாரானேன். 'மேடம், ஏசி ரிமோட் அங்க இருக்கா பாருங்க' என்றார்.

மெயிலில் வரும் அழைப்புகள் இன்னொரு கொடுமை. 'மாண்புமிகு பேராசிரியரே, தங்களின் ஒப்பற்ற ஆய்வைக் கண்டு வியந்தோம், பாங்காக்கில் நடக்கும் மாநாட்டில் சிறப்புரை ஆற்ற வாருங்கள்' என்று வாரம் ஒன்று வந்து விழும். முதல் மெயில் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கணவரிடம் காட்டினேன். அவரும் பாவம், தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். கீழே இறங்கிப் படித்தால் பதிவுக் கட்டணம் என்று ஒரு தொகை போட்டிருந்தது. மறுநாள் கல்லூரியில் விசாரித்தால், நூலக உதவியாளருக்கும் அதே மெயில் வந்திருக்கிறது. அவருடைய ஒப்பற்ற ஆய்வையும் கண்டு வியந்திருக்கிறார்கள். தூ!

என் ஆய்வு அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் பற்றியது. சிமென்ட் ஆலைகளுக்காக நிலம் போனது. நிலத்துக்காரர்களுக்குக் காசு வந்தது, அது போதுமா போதாதா என்ற சண்டையும் நடந்தது. அதைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய. நான் எழுதியது அந்த நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்களைப் பற்றி. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது, ஆனால் நடவும் களையெடுப்பும் அறுப்பும் அவர்கள் கையால்தான் நடந்தன. வயல் பள்ளமானபோது எந்தத் தாளிலும் அவர்கள் பெயர் இல்லை. எங்கள் குடும்பமும் இரண்டு தலைமுறைக்கு முன்னால் அந்த நிலைமையில்தான் இருந்தது, அதனால் எனக்கு இது வெறும் தலைப்பு இல்லை.

கல்லங்குறிச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில், ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேள்வித்தாளை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. 'நெலம் அவங்களுது. வேலை எங்களுது. நெலம் போனதுக்குக் காசு குடுத்தாங்க. வேலை போனதுக்கு யாருங்க குடுப்பா?' என்று கேட்டார். நான் பேனாவை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சட்டத்தில் இவர்களுக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. நிலம் எடுப்பதற்கான புதிய சட்டத்தில் கூலிக்காரர்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த நிலத்தில் வருடக்கணக்காக வேலை பார்த்ததை நிரூபிக்க வேண்டும். நாற்று நட்டவளுக்கு யாராவது ரசீது கொடுத்திருக்கிறார்களா? அந்தப் பெண்களிடம் ரசீது கிடையாது, ஞாபகம் இருந்தது. எந்த வயலில் நாற்று நடும்போது யாருக்கு வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார் என்று வரிசை வரிசையாகப் பெயர் சொன்னார்கள். ஒருத்தி சொன்ன வரிசையை இன்னொருத்தியிடம் தனியாகக் கேட்டேன், அப்படியே ஒத்துப்போனது. ஒருவருக்கொருவர் சொல்லும் இந்தச் சாட்சியத்தையே ஆதாரமாக அரசு எடுத்துக்கொள்ளலாம், அதற்கு இன்னின்ன வழிமுறை வைக்கலாம் என்பது என் மூன்றாம் அத்தியாயம். நான் வாழ்க்கையில் சொந்தமாக யோசித்த ஒரே விஷயம் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் வாசித்துச் சான்றிதழ் வாங்கினேன்.

அப்போதுதான் அந்த ஃபெல்லோஷிப் கண்ணில் பட்டது. வெளிநாட்டில், பொதுக் கொள்கைக்காக, எட்டு மாதம். கட்டணம் எதுவும் கேட்கவில்லை, அதனாலேயே முதலில் நான் நம்பவில்லை. இரண்டு முறை படித்தேன், விசாரித்தேன், உண்மையானதுதான். நிலம், சுரங்கம், இழப்பீடு என்று இதிலேயே ஊறியவர்கள் உட்கார்ந்து ஒவ்வொருவர் ஆய்வையும் கேள்வி கேட்டுக் குடைவார்களாம். எனக்கு வேண்டியது அதுதான். என் வாதத்தை யாராவது ஒருவர் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டுக் கிழிக்கட்டும். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. விண்ணப்பிக்கும் நாளில் முப்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. எனக்கு முடிய நாலு மாதம் பாக்கி. வருடத்துக்கு ஒரு முறைதான் அழைப்பு. இந்த முறை விட்டால் அவ்வளவுதான்.

என் கணவர் டிப்பர் லாரி ஓட்டுகிறார், அதே சுண்ணாம்புக்கல்தான் லோடு. அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். 'எட்டு மாசந்தான? பாப்பாவ நான் பாத்துக்கறேன். சமையலு எனக்குத் தெரியாதா என்ன? நீ மொதல்ல அப்ளிகேசனப் போடு' என்றார். வீட்டில் தடை இருந்திருந்தால் பழியை அங்கேயாவது போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லை.

ஒரு கட்டுரை, ஒரு பரிந்துரைக் கடிதம், இரண்டும் கேட்டிருந்தார்கள். கடிதம் ஆய்வு வழிகாட்டியிடமிருந்துதான் வரவேண்டும். சாரிடம் போய் நின்றேன்.

'சார், ஒரு ரெகமண்டேசன் லெட்டர் வேணும் சார்.'

'அதுக்கென்னம்மா, தாராளமா. நீயே டைப் பண்ணிக் கொண்டா. கையெழுத்துப் போட்டுர்றேன்.'

'அவங்க உங்க மெயிலுக்கு லிங்க் அனுப்புவாங்க சார். நீங்கதான் உள்ள போயி ஏத்தணும். கூட ஒரு ஃபாரமும் இருக்கு.'

'என் மெயில் பாஸ்வேர்டு உனக்குத் தெரியும்ல? இன்ஸ்பெக்சன் வந்தப்பல்லாம் நீதான தெறந்த? அப்பிடியே நீயே ஏத்திரு.'

வெளியூர்க்காரர்கள் கேட்டால் வாயைப் பிளப்பார்கள். எங்களுக்கு இது அன்றாட வழக்கம். இங்கே யாரும் யாருக்காகவும் கடிதம் எழுதிக் கொடுப்பதில்லை. தாலுகா ஆபீஸ் மனுவிலிருந்து முனைவர் பட்டம் வரை, வேண்டியவர் தானே எழுதிக்கொண்டு போய் நீட்ட வேண்டும், பெரியவர் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துதான் அவர் செய்யும் உதவி. அதற்கே இரண்டு முறை தேங்க்ஸ் சொல்ல வேண்டும். நானும் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். கட்டுரை பதினைந்து பக்கம் மளமளவென்று வந்திருந்தது. இந்தக் கடிதம் ஒரு பக்கம் வரமாட்டேன் என்றது. 'நான் வழிகாட்டியவர்களில் மிகக் கூர்மையாகச் சிந்திப்பவர்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்தேன். அடித்ததும் கூச்சம் பிடுங்கித் தின்றது. என்னை நானே புகழ்ந்து எழுதி, அதைக் கொண்டுபோய் சாரிடம் கையெழுத்துக்கு நீட்டுவதா? படித்தால் என்ன நினைப்பார்? 'இந்தப் பொண்ணுக்கு இவ்ளோ தலைக்கனமா' என்று நினைக்க மாட்டாரா? அழித்தேன். 'புதிய ஆய்வு முறையை உருவாக்கியவர்' என்று அடித்தேன். அதையும் அழித்தேன். வீட்டில் ஆள் யாரும் இல்லை, ஆனாலும் யாரோ தோளுக்குப் பின்னால் நின்று படிப்பது போல் காது சூடாகிவிட்டது.

பிறகு நான் ஒரு நேர்மையான வழி கண்டுபிடித்தேன். நேர்மையாம், மண்ணாங்கட்டி! சார் என்னைப் பற்றி என்ன சொல்வாரோ அதை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன். அவர் சொல்வது எனக்கு மனப்பாடம். கல்லூரி முதல்வரிடம், விருந்தினர்களிடம், ஆய்வுக் குழுவில் வந்து உட்காரும் பெரியவர்களிடம் ஆறு வருடமாக ஒரே மாதிரிதான் அறிமுகம் செய்வார். 'ரொம்ப அடக்கமான பொண்ணு சார். சொன்ன வேலையச் சொன்ன நேரத்துல முடிச்சிரும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாது.' இதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். எளிய குடும்பத்திலிருந்து வந்தவர், நேரம் தவறாதவர், மூத்தோருக்குக் கீழ்ப்படிபவர், யாரையும் எதிர்த்துப் பேசாதவர், கருத்தரங்கு ஏற்பாடுகளில் ஓடியாடி உதவுபவர். மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தேன். சார் அதைப் பற்றி வாய்திறந்து கேட்டதே இல்லை என்பது ஞாபகம் வந்தது. அந்த வரியையும் எடுத்துவிட்டேன்.

மறுநாள் கல்லூரித் தாளில் அச்சடித்துக் கொண்டுபோனேன். சார் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை ஒரு பார்வை பார்த்து, கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். படிக்காமலே போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடிதத்தை ஸ்கேன் செய்யப் பாலக்கரை பக்கத்தில் ஒரு நெட் சென்டருக்குப் போனேன். அதை நடத்துகிறவர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர், எல்லோருக்கும் பாய். வளைகுடாவில் ஒரு ஆபீஸில் பல வருடம் டைப்பிஸ்டாக இருந்துவிட்டுத் திரும்பியவர். இங்கிலீஷ் கடிதங்களில் ஊறிய ஆள். தாளை மிஷினில் வைக்கும்போதே படித்துவிட்டார். வைத்த தாளைத் திரும்ப எடுத்தார்.

'மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. டீசி வாங்குறப்ப கூட ஒண்ணு குடுப்பாங்களே, காண்டக்ட் சர்ட்டிபிகேட், அது மாதிரில்ல இருக்கு இது? வூட்டு வேலைக்கு, டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்குற எடத்துல இப்பிடி நான் நெறைய அடிச்சுக் குடுத்திருக்கேன். படிப்புக்குப் போறவங்களுக்கு இப்பிடி எழுதக் கூடாதுங்க. அங்க படிக்கிறவன் என்ன நெனைப்பான்?'

சரியாகத்தான் சொன்னார் அந்த மனுஷன். எனக்கோ சுருக்கென்று கோபம் வந்தது. ஜெராக்ஸ் போடுகிறவர் எனக்குப் பாடம் எடுப்பதா என்ற திமிர்தான், வேறென்ன?

'அது எங்க சார் எழுதுனது பாய். நீங்க ஸ்கேன் மட்டும் பண்ணுங்க.'

'அப்ப சரிங்க மேடம். அல்லா நல்லதே நடத்துவான்' என்று சொல்லிவிட்டு மிஷினை மூடினார்.

அவர் கடையிலேயே உட்கார்ந்து சாரின் மெயிலைத் திறந்தேன். கடிதத்தோடு ஒரு படிவம் இருந்தது. 'இதுவரை நீங்கள் வழிகாட்டியவர்களில் இவருக்கு எந்த இடம்?' என்ற கேள்விக்குக் கீழே ஒழுக்கம், உழைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டங்கள். மிகச் சிறந்தவர், சிறந்தவர்களில் ஒருவர், சராசரிக்கு மேல், சராசரி. மவுஸ் மேல் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. முதல் கட்டத்தைத் தொட்டால் அது திருட்டு என்று தோன்றியது. சாரின் மெயிலுக்குள் சாரின் பெயரில் உட்கார்ந்திருப்பது திருட்டாகத் தோன்றவில்லை, என் மண்டை எப்படி வேலை செய்திருக்கிறது பாருங்கள்! ஒழுக்கம் என்ற இடத்தில் மட்டும் தைரியமாக 'மிகச் சிறந்தவர்' என்று குறித்தேன். மற்றதெல்லாம் 'சராசரிக்கு மேல்'. சுயமாகச் சிந்திக்கும் திறன் என்ற இடத்தில் சார் என்ன போடுவார் என்று யோசித்துப் பார்த்து, 'சராசரி' என்று அழுத்தினேன்.

ஆனாலும் முதல் சுற்றில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டுரை அவர்களுக்குப் பிடித்திருந்தது. நேர்காணல் கணினி வழியாக, ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு. குரும்பலூரில் நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் பாய் கடையின் உள்ளறையைக் கேட்டேன். போன முறை வெடுக்கென்று பேசியதை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஜெராக்ஸ் மிஷின் சத்தம் போடும் என்று அதை நிறுத்திவிட்டு, வந்தவர்களையெல்லாம் 'அரை மணி கழிச்சு வாங்க' என்று திருப்பி அனுப்பினார்.

திரையில் மூன்று பேர். எடுத்த எடுப்பிலேயே நாற்று வரிசையைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள் சேர்ந்து பொய்ச்சாட்சி சொன்னால் என்ன செய்வீர்கள்? சாதியால் ஒதுக்கப்பட்ட ஒருத்தியை மற்றவர்கள் வரிசையிலிருந்தே விட்டுவிட்டால்? இரண்டாவது கேள்வியை நான் யோசித்திருக்கவே இல்லை. 'இதை நான் யோசிக்கவில்லை, ஆனால் இப்படிச் சரிபார்க்கலாம்' என்று அங்கேயே ஒரு வழி சொன்னேன். ஒருவர் குறித்துக்கொண்டார். நான் சொன்னதை ஒருவர் எழுதி வைத்துக்கொள்கிறார்! அந்த இருபது நிமிடம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

கடைசியாக ஒரு அம்மா பேசினார். அதுவரை அவர் அதிகம் பேசவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாளைப் பார்த்தார். 'உங்கள் கட்டுரை சட்டத்தோடு சண்டை போடுகிறது, அரசாங்கத்தோடு சண்டை போடுகிறது. உங்கள் பேராசிரியரோ நீங்கள் யாரையும் எதிர்த்துப் பேச மாட்டீர்கள் என்கிறார். சுய சிந்தனையில் சராசரி என்று குறித்திருக்கிறார். கட்டுரையின் யோசனை யாருடையது?' என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் சாரின் மெயிலைத் திறந்தது, அவர் பெயரில் படிவம் நிரப்பியது எல்லாம் சொல்ல வேண்டும். அங்கே அது மோசடி. 'யோசனை என்னுடையதுதான். எங்கள் சார் மதிப்பெண் போடுவதில் கொஞ்சம் கறார்' என்றேன்.

'அப்படியானால் அவருடைய மதிப்பீடு தவறு என்கிறீர்களா?'

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மா அதற்காகவே கேட்டார் என்று இப்போது தெரிகிறது, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று வெளியாட்கள் முன்னால், சார் சொன்னது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவும் அவர் சொல்லவே இல்லை, நான் எழுதியது! 'இல்லை இல்லை, அவருக்கு என்னை நன்றாகத் தெரியும்' என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். நன்றி சொன்னார்கள். திரை அணைந்தது.

பதில் வருவதற்குள் எனக்கு முப்பத்தைந்து முடிந்துவிட்டது. 'தங்கள் கட்டுரையை மிகவும் மதிக்கிறோம். ஆயினும் தங்களை நெருக்கமாக அறிந்தவர் தங்களின் தனித்த ஆய்வுத் திறனுக்கு உறுதி அளிக்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள். மரியாதையான மெயில், குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் கணவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, 'சரி வுடு, அடுத்த வருசம் போட்டுக்கலாம்' என்றார். அடுத்த வருடம் கிடையாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கத்தித் தீர்த்துவிட்டேன். பாப்பா அழுதது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு லோடுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் அந்த மெயிலை அச்சடித்து எடுத்துக்கொண்டு நேராக சார் அறைக்குப் போனேன். பஸ்ஸில் வரும்போதே என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். என் கோபத்துக்கெல்லாம் ஒரே ஒரு பிடிமானம்தான் இருந்தது. அவர் அந்தக் கடிதத்தைப் படித்திருந்தால், 'என்னம்மா இது, உன் ஆய்வைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே' என்று கேட்டிருப்பார். படிக்காமல் போட்டதால்தான் இத்தனையும். ஆறு வருடம் உழைத்தவளுக்காக ஒரு பக்கத்தைப் படிக்க அவருக்கு நேரம் இல்லாமல் போய்விட்டதா?

சார் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். 'அடடா' என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். 'நல்ல சான்ஸும்மா. இப்பிடி ஆயிருச்சே.'

'லெட்டர்தான் சார் காரணம்.' மெயிலில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். 'நீங்க அதப் படிக்காமயே கையெழுத்துப் போட்டுட்டீங்க சார்.'

'யாரு சொன்னா படிக்கலன்னு?' சார் நிமிர்ந்தார். 'படிச்சனே. போன்ல இருந்தாலும் கண்ணு இங்கதான இருந்துச்சு. முழுசாப் படிச்சேன். நல்லாத்தானம்மா எழுதியிருந்த? உன்னப் பத்தி அச்சு அசலா இருந்துச்சு. நானே ஒக்காந்து எழுதியிருந்தாக்கூட இதத்தான் எழுதியிருப்பேன். ஒரு வார்த்தை மாத்தியிருக்க மாட்டேன்.'

ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் முகத்தில் துளி பொய் இல்லை.

'என் மூணாவது சாப்டர் சார்?' என்றேன்.

'அதுக்கென்ன? அதுவும் நீட்டா இருந்துச்சு. மார்ஜின், ஸ்பேசிங் எல்லாம் கரெக்டா விட்டிருந்த. உங்கிட்ட அது ஒண்ணு எனக்குப் புடிக்கும், தப்பே இருக்காது.'

அடுக்கி வைத்திருந்த கேள்விகளை இனி யாரிடம் கேட்பது? என்னைக் குறைத்துச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவருக்கு நான் அவ்வளவுதான். ஆறு வருடம் எதிரில் உட்கார்ந்தும் நின்றும் நான் அவருக்குக் காட்டியதும் அவ்வளவுதான். நேரத்துக்கு வந்தேன், மார்ஜின் விட்டேன், சரிங்க சார் என்றேன். அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை மாற்றியிருக்க மாட்டேன் என்று அவர் சொன்னபோது அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. என்னை நானே அடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

சார் மெயில் தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். டைரியைத் திறந்தார். 'மனசப் போட்டுக் கொழப்பிக்காதம்மா. வர்ற வெள்ளிக்கெழம நம்ம செமினாருக்கு சீஃப் கெஸ்ட் மெட்ராஸ்லேர்ந்து வர்றாரு. காலையில அரியலூர் ஸ்டேசனுக்குப் போயி கூட்டியாந்துரு. வழியில ஒரு பொக்கே வாங்கிக்க. வேற யார அனுப்புனாலும் லேட்டாப் போவானுங்க.'

'இல்ல சார்' என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

'நான் போக மாட்டேன் சார். வெள்ளிக்கிழமை மட்டும் இல்ல. இனிமே இந்த மாதிரி எதுக்கும் என்னக் கூப்புடாதீங்க.'

சத்தமாகத்தான் சொன்னேன். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சார் கோபப்படுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். கோபப்பட வேண்டும் என்று விரும்பினேன், சாமி சத்தியமாக. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்தார்.

'ஏம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?' என்று கேட்டார்.